என்ன முறை வேண்டும்?

ரோஹித் சித்தப்பா தன் மனைவியைப் பார்த்து, "சித்தி, இங்க கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

பந்தியில் எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. ஹாசினி சித்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரு ஒங்களுக்குச் சித்தி?"

"காதுல அப்படித்தான் சொல்லுச்சு" என்றார் அவர் பாவமாக.

காதில் சொன்னது முறைச்செவி. மடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மிளகளவுக் கருவி. எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து, அவர் நமக்கு என்ன முறை என்று மெல்லச் சொல்லும். கோவில்பட்டிக் குடும்பங்கள் பல தேசங்களில் சிதறிக் கிடந்த காலம் அது. கல்யாணத்துக்கு வந்தால்தான் சொந்தம் தெரியும். "நீங்க எனக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்கக் கூச்சப்பட்டே பலர் வராமல் இருந்தார்கள்.

எல்லோரையும் விட அதிகம் கூச்சப்பட்டவள் நித்திலா. வேதியியல் படித்தவள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பதைவிட ஒரு செயலி எழுதிவிடுவது எளிது என்று நினைத்தாள். தரவுத்தளம் என்றால் என்ன என்று அப்போதுதான் கற்றுக்கொண்டு, முறைச்செவிக்கு மூளையாக ஒரு செயலியை எழுதினாள். அதன் முதல் விசேஷம் இது. பந்தியில் சித்தியின் குரல் உயர்ந்ததும் அவள் கை கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தோழி ஹாஜிரா அங்கேயே வந்து பிடித்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் தரவுத்தளம் வடிவமைப்பவள். நித்திலாவின் கைப்பலகையை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏட்டி, பேரு, ஊரு, முறைன்னு ஒவ்வொரு ஆளுக்கும் மூணு கட்டம் போட்டிருக்கே. ஹாசினிக்கு நேரா சித்தின்னு இருக்கு."

"அவங்க சித்திதான?"

"ஒனக்குச் சித்தி. ஊருக்கே சித்தியா? முறைங்கறது ஆளுகிட்ட இல்லட்டி. ரெண்டு ஆளுக்கு நடுவுல இருக்கு."

நித்திலா அன்றே திருத்த உட்கார்ந்தாள். இப்போது இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, இவருக்கு அவர் இன்ன முறை என்று எழுதி வைத்தாள். அட்டவணை ஊதிப் பெருத்தது. ஒரு குழந்தை பிறந்தால் ஊரில் உள்ள அத்தனை பேரோடும் அதைச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. எங்காவது ஒன்று விட்டுப்போனது. ஒரே பெண்மணி ஒரே ஆளுக்குக் காலையில் அத்தையாகவும் மாலையில் பெரியம்மாவாகவும் இருந்தாள்.

"கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிஞ்சத எதுக்கு எழுதி வைக்கே?" என்றாள் ஹாஜிரா. "யாரு யாருக்குப் பொறந்தா, யாரு யாரக் கட்டுனா. இத மட்டும் வை. மிச்சம் தானா வரும். அப்புறம், வர்றவுக தட்டுறத அப்படியே நம்பாத."

அதற்கும் காரணம் இருந்தது. துபாயில் ஒருவர் தவறித் தன் பெயரையே தகப்பன் கட்டத்திலும் போட்டுவிட்டார். அவர் கண்ணாடி முன்னால் நின்றபோதெல்லாம் முறைச்செவி "அப்பா" என்றது.

பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பிள்ளையைவிட இளைய தாயை ஏற்காதபடி செய்தாள். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட முடியாதபடி செய்தாள். தாயின் பதிவை அழித்தால் அவள் பிள்ளைகளும் சேர்ந்து அழியும்படி செய்தாள், தாயில்லாத அனாதைப் பதிவுகள் மிஞ்சக் கூடாதே என்று. அதன்பிறகு முறைச்செவி தப்பவே இல்லை. மாவட்டமே ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் தெரியாதவர் என்று யாருமே இல்லாமல் போனார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்துக்குத்தான் இளம்பரிதி வந்தான். கயத்தாற்றுக் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பவன். நித்திலாவின் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவன் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் உடன்பிறந்தவர்கள். முறைச்செவி "அத்தான்" என்றது. கருவி சொல்லிவிட்டதால் நித்திலாவுக்குத் தைரியம் வந்தது.

"அத்தான், தண்ணி வேணுமா?"

"குடுத்தா குடிப்பேன்" என்றான் அவன். அவள் சொம்பைக் கொடுத்துவிட்டுத் தம்ளரை மறந்தாள்.

இருவர் பழக்கமும் நிச்சயதார்த்தம் வரை வந்துவிட்டது. மண்டபத்தில் மாலைக்கூடை வந்து இறங்கிய நேரத்தில், மும்பையில் ஒரு குடும்பம் ஆசையோடு தங்கள் முன்னோர்களைப் பதிந்துகொண்டிருந்தது. நித்திலா தலை நிமிர்ந்து பரிதியைப் பார்த்தாள்.

"அண்ணன்" என்றது காது.

பரிதியின் முகமும் மாறியது. அவன் அம்மா வர்ஷினிக்கு நித்திலாவைப் பார்த்ததும் "மகள்" என்று கேட்டது. மருமகள் என்று கேட்க வேண்டிய இடம். தாம்பூலத் தட்டை மாற்றாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைகள குறை சொல்லல. ஆனா அண்ணன் தங்கச்சி முறை வந்தா எப்படிங்க கட்டுறது?"

கைப்பலகையில் காரணம் தெளிவாக இருந்தது. இருவரின் தாய்வழி ஆச்சிகளைப் பெற்ற பூட்டிகள் அக்கா தங்கை. ஒருத்தி பம்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போய்த் தொடர்பு விட்டிருந்தது. அந்த மும்பைக் குடும்பம்தான் இப்போது இருவரையும் ஒரே தாயோடு சேர்த்துப் பதிந்திருந்தது.

பக்கத்தில் வந்து நின்ற ஹாஜிரா குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரெண்டு பூட்டிக்கும் அம்மா ஒருத்தி இருக்காள்ல. ஒரு வரிதான். எடுத்துரு."

நித்திலாவின் விரல் அந்த வரிவரை போனது. கொள்ளுப்பூட்டியை அழித்தால் பூட்டிகள் போவார்கள். பிறகு ஆச்சிகள், அம்மாக்கள். கடைசியில் அவளும் பரிதியுமே போய்விடுவார்கள். அப்படித்தான் எழுதியிருந்தாள்.

விரலை எடுத்தாள். தான் எழுதிய செயலியையே மறுபடி படித்தாள். தாய்வழியை முதலில் தேடு. ஒரு வழி கிடைத்ததும் நிறுத்து. வேகமாக இருக்கட்டும் என்று போட்ட வரி. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு முறைதான் இருக்கும் என்று அவளாகவே நினைத்திருந்தாள். 'நிறுத்து' என்பதை மட்டும் எடுத்தாள்.

அடுத்த நொடி மண்டபம் முழுக்கக் காதுகள் சலசலத்தன.

பரிதி அவளுக்கு அண்ணன். அத்தானும்தான். இன்னும் மேலே போனால் சித்தப்பா, மருமகன், ஒரு வழியில் பேரன். வர்ஷினி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் காது நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் அவர்.

"ஒங்களயும் அண்ணன்னு சொல்லுது. ஏழாவது தலைமுறையில." தட்டை மடியிலிருந்து எடுத்தாள். "ரெண்டு பிள்ளையப் பெத்த பிறகு சொல்லுது, கிரகம் பிடிச்சது."

யாரோ சிரித்தார்கள். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் இனி யாரை என்னவென்று அழைப்பது? காது எல்லாவற்றையும் சொன்னது, ஒன்றையும் தேர்ந்து சொல்லவில்லை. நித்திலா ஒரு புதுக் கட்டம் சேர்த்தாள்: இவர்கள் ஒருவரை ஒருவர் அழைப்பது. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

மண்டபத்தில் எல்லோரும் எல்லோரிடமும் போய் நின்றார்கள். "நான் ஒங்கள என்னன்னு கூப்பிடட்டும்?" எந்தக் கேள்விக்குப் பயந்து நித்திலா செயலி எழுதினாளோ, அந்தக் கேள்வியே சுவருக்குச் சுவர் கேட்டது.

ரோஹித் சித்தப்பாவும் கேட்டார். ஹாசினி சித்தி முந்தானையை உதறினாள். "சித்தின்னே கூப்பிடுங்க. பழகிப்போச்சு."

ஒருத்தி மட்டும் இன்னும் கேட்கவில்லை. ஹாஜிரா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"நான்..." என்றாள் நித்திலா. காது உதவிக்கு வரவில்லை. "நான் ஒங்கள என்னன்னு கூப்பிடட்டும்?"

பரிதி யோசித்தான். வேண்டுமென்றே நெடுநேரம் யோசித்தான்.

"இன்னைக்குத் தெரியல. நாளைக்கும் கேளு."

"நாளைக்கு?"

"அதுக்கு அடுத்த நாளும் கேளு."

கைப்பலகை சிவப்பாகக் கத்தியது: கட்டம் வெறுமையாக உள்ளது, ஏற்க இயலாது. நித்திலா தலையைக் குனிந்துகொண்டு, அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெறுமையாக விடலாம் என்று மாற்றி எழுதினாள்.