பிடுங்கி வைத்த கேமரா

குழந்தை அறையிலிருந்து காலையிலேயே ஒயரைப் பிடுங்கி மேஜைமேல் போட்டிருந்த கேமரா, மத்தியானம் மூன்று மணிக்கும் எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது.

கணினித் திரையில் நொடிக்கு ஒரு புதிய வரி. வீட்டு வைஃபையில் போகிற வருகிற ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டையும் பிடித்துப் பிரித்துக் காட்டும் மென்பொருள் அது. அவளுக்குச் சோறு போடுவதே அதுதான். மழை ஜன்னல் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, காயாத துணியின் வாடையும் குழந்தைப் பவுடரின் மணமும் கூடத்தில் தேங்கி நிற்க, அவள் முதுகுக்குப் பின்னால், பாதி சாத்திய அறையில், தொட்டிலில் அவளுடைய எட்டு மாத வாண்டு தூங்கிக்கொண்டிருந்தான். லேசில் சிரிக்காத பிள்ளை. தலைக்கு மேல் தூக்கினால் மட்டும் கிக்கிக்கென்று சிரிப்பான்.

கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே வேலை பார்க்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"கேமரா என் கையில இருக்குடா. கரண்டே இல்ல. ஆனா அதோட முகவரியிலிருந்து வந்துக்கிட்டே இருக்கு."

"பாக்கெட் பார்க்கிற மென்பொருளுக்கு அப்டேட் போட்டியாக்கா?"

பதினோரு நாளாக 'பிறகு நினைவூட்டு' என்பதையே அழுத்தி வந்திருக்கிறாள். மூடித் திறந்தால் ஓடுகிற பதிவு அறுந்துவிடுமே என்ற தொழில் சோம்பல்.

"ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிறே, உன் வீட்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல!" சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அக்கா, அந்த மென்பொருள்லயே ஓட்டை. கோணலா ஒரு பாக்கெட்டை அனுப்புவாங்க. என்னன்னு நீ திறந்து பார்த்தாலே போதும், உள்ள வந்துடுவாங்க. எதையும் தொடாதே, என்ன?"

அவள் திறந்து அரைமணி நேரமாகியிருந்தது.

"அக்கா?"

இணைப்பு அறுந்தது. கணினியின் காற்றாடி இரைந்தது. வரிகள் நின்றன. அவள் எதையும் தொடாமலே திரையில் ஒரு படம் விரிந்தது.

தொட்டிலின் கம்பிகள். பாதி சாத்திய கதவு. கதவிடுக்கில் கூடம், மேஜை, ஒரு பெண்ணின் முதுகு.

அவள் முதுகு.

கையைப் பார்த்தாள். கேமரா இருந்தது. குளிர்ந்து. அதன் கண் உள்ளங்கைக்குள் புதைந்து.

திரையில் படம் மெல்ல உயர்ந்தது. தொட்டில் உயரம். இடுப்பு உயரம். ஆள் உயரம். கம்பிகளுக்கு நடுவே போர்வை மட்டும் கிடந்தது.

மழை விட்டிருந்தது.

அவளுக்குப் பின்னால், உயரத்திலிருந்து, கிக்கிக்கென்று குழந்தை சிரித்தது.