முதல் எண்

காலை ஏழு மணிக்கு வண்ணக்கூடத்தின் வாசலில் கைகளைச் சோதித்தார்கள். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு. வெளியிலிருந்து ஒரு துகள் மண்கூட உள்ளே போகக் கூடாது. ஜெபராணி கைகளைத் திருப்பிக் காட்டிவிட்டு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டாள். உள்ளே இசக்கியப்பன் ஏற்கெனவே வந்து சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டீங்க அண்ணாச்சி."

"தூக்கம் வரல. நாளைக்கழிச்சு மேசைநாள்லா."

அவள் மேசையில் பதினெட்டுப் பொம்மைச் சிப்பாய்கள் நின்றார்கள். ஒவ்வொருவனும் இரண்டு விரற்கடை உயரம். இந்த முறை குலுக்கலில் அவர்களுடைய தென்வடிநிலத்துக்குக் கும்பினிப் படை விழுந்திருந்தது. எதிரில் நடுவடிநிலத்துக்குப் பாளையக்காரர் படை. எட்டு மாதமாக அவள் சிவப்புச் சட்டையும் குறுக்கே வெள்ளை வாரும் வரைந்துகொண்டிருக்கிறாள். முதலில் கறுப்பு அடிப்பூச்சு, அதன்மேல் அடர்சிவப்பு, மடிப்புகளின் விளிம்பில் இளஞ்சிவப்பு. பொத்தானுக்கு ஒற்றை மயிர்த் தூரிகை.

"இவன் மீசையைப் பாருங்க, உங்கள மாதிரியே இருக்கு."

"எனக்கு மீசையாது சொந்தம். அவனுக்கு அந்தச் சட்டைகூடக் கும்பினிக்காரன் குடுத்தது." இசக்கியப்பன் சல்லடையைத் தட்டினார். "நம்ம பூட்டன்லாம் இவனுவள எதுத்து நின்னான். நாம உக்காந்து பொத்தான் வச்சிக்கிட்டிருக்கோம்."

சிப்பாயின் உருவத்தை அச்சுப்பொறி தந்துவிடும். வண்ணம் தீட்டுவதும் அடித்தட்டில் மண் ஒட்டுவதும் மனிதக் கை. தீர்வுச் சட்டம் அப்படி. முன்பு தண்ணீரைக் கணிப்பொறி பங்கிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மதகுகளை உடைத்தார்கள். இரண்டு கோடையில் பதினோராயிரம் பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் மேசை வந்தது: இரு பக்கமும் பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டும் போர். பகடை சொன்னால் மக்கள் ஏற்றார்கள். கையால் செய்த படை தோற்றால் அழுதார்கள், ஆனால் கலைந்துபோனார்கள்.

ஒரு சிப்பாய், ஓர் ஊர். அந்த ஊரின் மண்தான் அவன் நிற்கும் தட்டில் ஒட்டப்படும். அவன் மேசையில் விழுந்தால் அந்த ஊரின் வாய்க்கால் ஐந்து வருடத்துக்கு மூடப்படும். அந்தத் தண்ணீர் எதிர்ப்பக்கத்துக்குப் போகும். ஐந்து வருடம் தண்ணீரில்லாத ஊரில் யாரும் இருப்பதில்லை.

எந்த மண் எந்த ஊர் என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. மூடியில் எண் மட்டும் போட்ட கிண்ணங்களில் மண் வரும். இசக்கியப்பன் அதைச் சலித்து, கல்லையும் வேரையும் பொறுக்கி, அதே கிண்ணத்தில் திருப்பிப் போடுவார். எண் என்பது சிப்பாய்கள் நிற்கும் அணித்தட்டில் இடம்; அதுவும் குலுக்கலில் விழுவதுதான். ஒன்று முதல் ஆறு முன்வரிசை. பதிமூன்று முதல் பதினெட்டு கடைசி வரிசை. விழும் ஆட்களை முன்வரிசையின் இடது ஓரத்திலிருந்துதான் எடுப்பார்கள். ஒன்றாம் எண் விழாத மேசை இதுவரை நடந்ததில்லை.

கண்காணிப்பாளர் நாச்சியார் வந்து அணித்தட்டைப் பார்த்தாள். "பத்தரைக்குள்ள கரைசல் பூசி முடிச்சிரணும். முடியாத ஆளை உள்ள விடமாட்டாங்க. விழுந்ததாக் கணக்கு."

"முடிஞ்சிரும் மேடம்."

மண் ஒட்டுவது இசக்கியப்பன் வேலை. இன்று நேரமில்லை என்று ஜெபராணி அதையும் எடுத்துக்கொண்டாள். அவர் அடுத்த அணித்தட்டின் கிண்ணங்களைச் சலிக்கச் சேமிப்பறைக்குப் போனார். அவள் முதல் சிப்பாயின் தட்டில் பசையைத் தடவினாள். ஒன்றாம் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள்.

சிவப்பு. தேரிமண்.

தேரி என்னும் செம்மணல்மேடு பத்துப் பன்னிரண்டு ஊர்களில் இருக்கிறது. அவள் கிண்ணத்தைச் சாய்த்தாள். சிவப்புக்குள் கறுப்பு மணிகள் மின்னின. நடுவே அரிசிக்குறுணை அளவில் வெள்ளைச் சிப்பித்தூள். கடல் பின்வாங்கிய அந்த ஒரு வளைவில்தான் மூன்றும் கலந்து கிடக்கும். சின்ன வயதில் அந்த மணலைப் பாவாடையில் வாரிக்கொண்டு போய் அடி வாங்கியிருக்கிறாள். அங்கே அவள் தங்கை இருக்கிறாள். தங்கையின் முருங்கைத் தோட்டம். தொள்ளாயிரம் பேர்.

பசை காயத் தொடங்கியது.

அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கை பதினான்காம் கிண்ணத்தைத் திறந்தது. கரிசல். கரிசல் எங்கும் இருக்கிறது. கரிசலை ஒன்றாம் சிப்பாயின் காலடியில் தூவி, பல்குச்சியால் அழுத்தினாள். தேரிமண் பதினான்காம் சிப்பாய்க்குப் போனது. பிறகு மற்றவர்களை வரிசையாக முடித்துக்கொண்டே போனாள். பதினைந்துவரை வந்தபோது கழுத்து நனைந்திருந்தது.

இசக்கியப்பன் திரும்பி வந்தார். அணித்தட்டின் மேல் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுல கரிசலா இருக்கு."

"ஆமா."

"ஒண்ணாம் கிண்ணத்துல செவப்புல்லா இருந்துச்சு."

அவள் பல்குச்சியைக் கீழே வைத்தாள். கிண்ணத்துக்குள் என்ன இருந்தது என்று சலித்தவருக்குத் தெரியாமலா இருக்கும். நாச்சியாரைக் கூப்பிடுவார் என்று நினைத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"ஏன் மாத்தின?"

"எங்க ஊரு அண்ணாச்சி."

"செவப்பா?"

"ஆமா. என் தங்கச்சி இருக்கா."

அவர் கொஞ்சநேரம் சல்லடையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "கரிசல் எங்க ஊரு. காலைல சலிக்கும்போது பாத்தேன். சுண்ணாம்புக்கல்லும் நத்தையோடும் சேந்து கெடந்துது. எங்க கம்மாக்கரை மண்ணு. அது ஒண்ணாம் கிண்ணத்துல இருந்துச்சு. எடுத்துப் பதினாலுல போட்டேன். பதினாலுல கெடந்தத ஒண்ணுல போட்டேன்."

ஜெபராணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. குலுக்கல் அவள் ஊரைக் கடைசி வரிசையில்தான் வைத்திருந்தது. இவர் முன்னால் தள்ளினார். அவள் திருப்பி வைத்தாள். இப்போது எல்லாம் குலுக்கல் சொன்ன இடத்திலேயே நிற்கின்றன.

"அது என் ஊருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது தாயி."

"தெரிஞ்சிருந்தா?"

"பக்கத்துக் கிண்ணத்த எடுத்திருப்பேன்."

கூடத்தில் மற்ற மேசைகளில் தூரிகைகள் தண்ணீரில் அலசப்படும் ஓசை. சுவரில் போன மேசையில் விழுந்த முப்பத்தோரு ஊர்களின் பட்டியல் தொங்கியது. எட்டு மாதமாகத் தினமும் அதன் கீழேதான் சாப்பிட்டாள்.

"போன தடவையும் மாத்துனீங்களா?"

"நான் மட்டுமா?" அவர் தலையைத் திருப்பாமல் கண்ணால் கூடத்தைக் காட்டினார். "அந்தப் பட்டியல வாசிச்சுப் பாரு. அதுல ஒரு ஊருக்காது இங்க ஆள் உண்டா?"

அவள் வாசித்தாள். மேசைகளில் குனிந்திருந்த முதுகுகளைப் பார்த்தாள். இல்லை.

பதினாறாம் கிண்ணம் இன்னும் திறந்தபடி அவள் முன்னால் இருந்தது. வெளிர்மஞ்சள் மணல். ஆற்றுப்படுகையாக இருக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

"பசை இன்னும் இறுகல," என்றார் அவர்.

"யாரு ஊருன்னு தெரியாதே."

"தெரியாததுனாலதான் சொல்லுதேன்."

"இப்படியே விட்ரலாம் அண்ணாச்சி. குலுக்கல் சொன்னதுதானே."

"உன் ஊரு பின்னால நிக்குது. நீ சொல்லலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. மணி பத்து. அவர் கத்தியை எடுத்தார். கத்தி வழுக்கி, முனை ஒன்றாம் சிப்பாயின் காலணியில் பட்டுக் கறுப்பு வண்ணம் பெயர்ந்தது. உருவம் முறிந்தாலும் விழுந்ததாகத்தான் கணக்கு.

"குடுங்க," என்றாள்.

இடது கையால் சிப்பாயின் இடுப்பைப் பிடித்து, கரிசலைச் சுரண்டி எடுத்தாள். ஈரத் தூரிகையால் தட்டைத் துடைத்தாள். புதுப் பசை. மஞ்சள் மணலைத் தூவி, பல்குச்சியால் அழுத்தினாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த கரிசல் பதினாறாம் சிப்பாய்க்கு. பெயர்ந்த காலணிக்குக் கறுப்பு வைத்தாள். நேர்த்தியான வேலை. மீதி இரண்டு பேரையும் முடித்தாள். பிறகு எல்லாத் தட்டுகளின் மீதும் பழுப்புக் கரைசலைப் பூசினாள். சிவப்பும் கறுப்பும் மஞ்சளும் ஒரே நிறமாயின.

நாச்சியார் வந்து அணித்தட்டை எடுத்துக்கொண்டாள். "அழகா வந்திருக்கு."

"மேடம்," என்று ஜெபராணி சொன்னாள்.

"என்ன?"

"ஒண்ணாம் ஆளோட காலு இன்னும் காயல. பாத்துப் பிடிங்க."

மேசைநாளில் வண்ணக்கூடத்தாருக்கு மாடத்தில் இடம் உண்டு. கீழ்த்தளத்தில் ஊருக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபராணியின் தங்கை மூன்றாம் வரிசையில் இருந்தாள். அக்காவைக் கண்டுபிடித்துக் கையசைத்தாள். இசக்கியப்பன் கீழே யாரையும் பார்க்கவில்லை. பச்சைத் துணி விரித்த மேசையில் சிவப்புச் சட்டைகள் வரிசையாக நின்றன. தொலைவிலிருந்து மிக அழகாக இருந்தன.

பாளையக்காரர் பக்கம் முதலில் சுட்டது. நடுவர் பகடையை உருட்டினார். ஐந்து. ஓர் ஆள்.

நடுவர் இடது ஓரச் சிப்பாயை இரண்டு விரலால் எடுத்தார். அவனை மண்மானியின் கண்ணுக்குக் கீழே வைத்தார். மண்மானி பழுப்புக்கு அடியில் இருந்ததைப் படித்தது. ஒலிபெருக்கி ஓர் ஊரின் பெயரைச் சொன்னது.

"இளவேலன்குளம்."

கீழே, கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். புதுச்சட்டை, மடிப்பு கலையவில்லை. அதே பெயரில் வேறு ஊர் ஏதும் இருக்கிறதா என்று கேட்பதுபோல் இருபுறமும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்கள்.

ஜெபராணி எழுந்து நின்றாள். எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கீழே தங்கை அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மறைக்குதும்மா," என்றார் பின்னாலிருந்தவர். "உக்காருங்க."

உட்கார்ந்தாள்.