திருஷ்டிப் பூசணி கட்டிய ஒயர்

“தண்ணி கடிக்குதா பட்டு?”

ஒயரிங் வேலைக்கு வரும் சவுரிமுத்து ஒருநாள் கேட்டான். ஒரு கையால் நீச்சல் குளத்து ஏணியைப் பிடித்து மறு கையைத் தண்ணீரில் அலம்பியபோது பட்டுவின் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு பங்களா வேலைக்கு வந்ததிலிருந்து யாரிடமும் பேசக் கூசுகிறவள். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் குளத்துக்குள் இருந்த பழைய விளக்கையும் இரும்பு ஏணியையும் ஒரு பச்சை ஒயரால் சேர்த்துக் கட்டினான்.

“வேற லைட்டு எட்தாற வரிக்கும் இத்தான் காவலு. இது போச்சுன்னா தண்ணி ஆளைப் புடிச்சுக்கும்.”

இன்று நாவலூர் தோட்ட பங்களாவில் குளத்துக்குத் திறப்பு விழா. மாருதி வேனில் உறவுக்காரர்கள் வந்து இறங்க, பிளீச்சிங் பவுடர் நெடியோடு கற்பூர வாசனை கலக்க, வலையால் சருகு அள்ளிக்கொண்டிருந்த பட்டு ஏணியருகே ஒரு தவளை மல்லாந்து மிதப்பதைக் கண்டாள். பக்கத்தில் இன்னொன்று. கால்கள் விறைத்து நீண்டிருந்தன. தண்ணீருக்கடியில் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

நிமிர்ந்தாள். பந்தலில் திருஷ்டிப் பூசணி பல்லை இளித்துக்கொண்டு தொங்கியது. பச்சை ஒயரில்.

“இன்னாடி மொறைக்கிற?” என்றார் முதலாளி தசரதன். “கயிறு கெடைக்கல. ஏணியில சும்மா கெடந்த ஒயரு, வெட்டிக் கட்டினேன்.”

அவள் ஏணியைக் காட்டினாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“அந்த சவுரி ஷாக்கு கீக்குன்னானே,” என்றாள் அவர் மனைவி கங்கையம்மாள். “புள்ளைங்க எறங்கணுமே.”

“மொதல்ல இவ எறங்கட்டும். கடிச்சா கத்தப்போறா.”

“யாரு, இவளா? கத்திட்டாலும்!”

எல்லாரும் சிரித்தார்கள். முதுகில் ஒரு கை தள்ளியது. வழுக்கியவள் இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, தடுமாறி, ஏணியைப் பிடித்தாள்.

பிடித்தது அவள் இல்லை.

விரல்கள் மூடிக்கொண்டன. திறக்கவில்லை. பல் கிட்டியது. மூச்சு நின்றது. உள்ளே ஒரு அலறல். உள்ளேயே.

“பாத்தியா, கம்முனு நிக்கறா. ஒண்ணும் இல்ல. எறங்குங்க கண்ணுங்களா!”

ஈரக் கல்லில் சின்னச் சின்னக் கால்கள் ஓடி வந்தன.

கேட்டருகே சைக்கிள். சவுரிமுத்து. கேரியரில் புது விளக்கு. பூசணியைப் பார்த்தான். ஒயரைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்தான்.

சைக்கிளைத் திருப்பினான். ஒயரிங் யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். வேகமாக மிதித்துப் போனான்.