பெசாரா தோட்டத்தில் திருட்டுக் கல்யாணம்

“என் தோட்டத்துப் பூவுக்கெல்லாம் எவன் கல்யாணம் பண்ணி வச்சான்?”

கிளாரிஸிடம் வனிலாத் தோட்டக்காரர் பெசாரா இப்படித்தான் கேட்டார். அந்தலாஹா நகரத்துப் பக்கம் நடக்கும் வனிலாத் திருட்டுகளில் பாதி, காவல் நிலையத்துக்குப் போகும் முன் அவள் சமையலறைக்குத்தான் வரும். காய் குறையாமல் கூடிப்போன வழக்கு இதுவே முதல்.

“உக்காருங்கண்ணே. காபியக் குடிச்சிட்டுச் சொல்லுங்க.”

வனிலாப் பூ காலையில் விரிந்து மதியத்தில் வாடிவிடும். அதற்குள் யாராவது முள்ளால் உள்ளிருக்கும் மெல்லிய திரையை விலக்கி, மகரந்தத்தை விரலால் அழுத்தி, அதற்கு மணம் முடித்து வைக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்தத் தேனீயும் அதைச் செய்யாது. பூக்காலம் தொடங்கியதுமே பெசாரா ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அந்நியர் கை தன் கொடியில் படக்கூடாது என்று ஆளும் வைக்கவில்லை. மாவுக்கட்டை அவிழ்த்தபின் போய்ப் பார்த்தால், கொடியெங்கும் பச்சைக் காய்கள்!

“பக்கத்துத் தோட்டத்துத் தொம்புதான். காய் முத்துனதும், நான் முடிச்ச கல்யாணம், பாதி எனக்குன்னு வந்து நிப்பான். இன்னைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல அவன் பேரச் சொல்லிடுவேன்.”

திருடன் என்று பேர் விழுந்தால் தொம்பு இந்த ஊரில் இருக்க முடியாது. கிளாரிஸின் கணவன் ஜாவோ பரபரப்பாகத் தொப்பியைத் தேடினான்.

“உங்க மக வோலா ஒத்தாசைக்கு வரலையாண்ணே?” என்றான்.

“ஆத்துக்கு மேல்பக்கத்துக்காரனத் திருட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ. அவ பேச்ச எடுக்காத.”

தோட்டத்தில் ஜாவோதான் முதலில் கண்டுபிடித்தான். கொடி ஏறிய மரத்தில் ஒரு முள் செருகியிருந்தது. “எலுமிச்ச முள்ளு! எலுமிச்ச மரம் தொம்பு வாசல்லதான் இருக்கு. முடிஞ்சது கேஸு!”

“ஊரே அந்த மரத்துலதாங்க ஒடிக்குது. நேத்து நீங்களே பல்லு குத்த ஒடிச்சீங்க,” என்றாள் கிளாரிஸ். பிறகு பெசாராவிடம் திரும்பினாள். “விழுந்த அன்னைக்குக் கடைசியா எந்தக் கொடிக்கு மணம் முடிச்சீங்க?”

“இதோ இதுக்கு. திங்கக்கிழமை. இந்தக் கொத்துல அதான் முதப் பூ.”

கொத்தில் நாளுக்கு ஒரு பூவாக, கீழிருந்து மேலே விரியும். கிளாரிஸ் அடிக்காயில் விரலை வைத்தாள்.

“இது திங்கள், உங்க கை. இதுக்கு மேல செவ்வாய். காய் இருக்கு.”

பெசாரா திடுக்கிட்டார். “செவ்வாயா? நம்ம முன்னோருக்கு ஆகாத நாளாச்சே! தொம்புகூட அன்னைக்குத் தோட்டத்துல கால் வைக்க மாட்டான்.”

“நம்ம ஊர்ல ஒருத்தருமே வைக்க மாட்டாங்க. புதன், காய் இருக்கு. அடுத்தது வெறும் தழும்பு. பூ சும்மா உதிர்ந்திருக்கு. வெள்ளி, சனி, மறுபடி காய்.”

“அன்னைக்கு மழை பெஞ்சிருக்கும்,” என்றான் ஜாவோ.

“மழைன்னா ஏதோ ஒரு வாரந்தாங்க விட்டிருக்கும். முந்திப் பூத்த கொத்து, பிந்திப் பூத்த கொத்து எல்லாத்துலயும் நடுவுல ஒரு தழும்பு இருக்கு. வாராவாரம் விட்டிருக்காங்க. வியாழக்கிழமை மண்ணத் தொடாதவங்க யாரு?”

“ஆத்துக்கு மேல்பக்கத்து...” ஜாவோ பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான்.

பெசாரா அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டிக்கிட்ட வீட்டுக்கு ஆகாத நாள்தான் இப்ப அவளுக்கும் ஆகாத நாள், செவ்வாய் இல்ல,” என்றாள் கிளாரிஸ் மெதுவாக. “இன்னொண்ணும் பாருங்க. மேல் பூவையெல்லாம் தொடாம விட்டிருக்கு. பேராசைக்காரன்னா எல்லாத்தையும் முடிச்சுக் கொடியையே கொன்னிருப்பான். கொடி தாங்குற அளவுக்குத்தான் காய் விடணும்னு யாருக்கண்ணே சொல்லிக் குடுத்தீங்க?”

“ஒருத்திக்குத்தான்,” என்றார் பெசாரா. “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“அவ பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்களே. எப்படி வந்து சொல்லுவா?”

ஜாவோவுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப சாயங்காலம் கூட்டத்துல யார் பேரண்ணே சொல்லப் போறீங்க?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள் கிளாரிஸ். பெசாராவிடம் சொன்னாள்: “இன்னைக்கு வியாழக்கிழமைண்ணே. எங்கயும் வேலைக்குப் போயிருக்க மாட்டா. வீட்லதான் இருப்பா.”

பெசாரா காய்களை ஒருமுறை தடவிப் பார்த்தார். பின்பு ஓடையைக் கடந்து ஆற்றின் மேல்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.