ஆறு அங்குல மணல்

மணல் ஒரு அங்குலம் கூடியிருந்தது.

சிவராஜ் ஸ்டீல் ஸ்கேலை மீன் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து இன்னொரு தடவை அளந்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஆறு அங்குலம். இன்றைக்கு ஏழு. பதினோரு வருஷமாகக் கார் உதிரிப் பாகங்களை அளந்தே சோறு தின்கிறவன் அவன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தலைமுடி அளவு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி ஓரம் போடுகிற ஆளுக்கு, ஒரு முழு அங்குலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் மணல் கொட்டவில்லை.

மணி நாலுதான். ஆனால் வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்ததால் முன்னறையில் எப்போதும் பொழுது சாய்ந்த மாதிரியே இருக்கும். தொட்டியின் நீல விளக்கு சுவரிலும் கூரையிலும் நெளிய, மோட்டார் விடாமல் முனக, அழுக்கு நுரையைப் பிரிக்கும் குழாய்க்குள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருக்க, கடல் வாடையே அறியாத அந்தத் தெருவில் இந்த ஒரு வீட்டில் மட்டும் உப்பும் கவிச்சியும் கலந்து வீசும். இன்றைக்கு அதற்கு அடியில் அழுகிய முட்டை வாடையும் இருந்தது. பவளத்தின் மொட்டுகள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. கோமாளி மீன்கள் இரண்டும் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாளாக அவை கீழே இறங்கவில்லை.

"என்னங்க, காபி ஆறுது" என்று உள்ளேயிருந்து சுவாதி கூப்பிட்டாள். அந்தக் குரலில் இருந்த தெம்புதான் அவனைப் பயமுறுத்தியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அதே கம்பெனியில், அவள் வேலை பார்த்த, தகடு வெட்டும் பவர் பிரஸ் அவளுடைய வலது கையில் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். தலை சீவவில்லை. யாரிடமும் பேசவில்லை. வீட்டில் ஏதாவது உயிருள்ளதாக அசைந்துகொண்டிருந்தால் தேவலை என்று யாரோ சொல்ல, சிவராஜ் கடல் மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கக் கிளம்பினான்.

தொட்டியின் அடியில் என்ன போடுவது என்பதில் ஒரு மாதம் போனது. மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விடலாம். அழுக்கு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு அங்குலம் மட்டும் போடலாம், பார்வைக்கு அழகு. இல்லை, ஆறு அங்குலம் கனமாகப் போடலாம். காற்றுப் புகாத அடிமணலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி, தண்ணீரில் சேரும் கழிவைத் தின்று சுத்தம் செய்யும். ஆனால் அதைக் கிளறவே கூடாது. சிவராஜின் மனசு வெறும் கண்ணாடிப் பக்கம்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எதையும் அவன் நம்புகிறவன் இல்லை.

அப்போதுதான் பின்னால் வந்து நின்று, அவன் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த போனை எட்டிப் பார்த்த சுவாதி சொன்னாள்: "ஆழமாவே போடுங்க. கைய வச்சாப் பொதையணும்."

எத்தனையோ மாதத்தில் அவள் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு மேல் அவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது.

கடையில் வாங்கும் மணலில் உயிர் இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மணல் வாங்கிக் கலக்க வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சும்மாவே கொடுப்பார்கள். பாகலூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த கங்கப்பன் தொட்டியை எடுத்துவிடப் போவதாகச் சொல்லி, ஒரு டிபன் டப்பா நிறைய மணலைக் கேட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து, சாய்ந்த பவளத்தை நிமிர்த்த சுவாதி மணலுக்குள் கையை விட்டாள். அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள்.

"என்னங்க, மணலுக்குள்ள விட்டா வெரலு இருக்குது."

இல்லாத விரல் அரிக்கும், வலிக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதுதான் இது என்று சிவராஜ் நினைத்தான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதான். அதன் பிறகு அவள் தலை சீவினாள், சமைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு கன்னடத்தில் வம்பு பேசினாள். தினமும் ஒரு மணி நேரம் தொட்டியில் கையை வைத்திருந்தாள். அது இரண்டு மணி நேரமாயிற்று. பிறகு அவன் வேலைக்குப் போனதிலிருந்து வருகிறவரைக்கும்.

இப்போது காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"சுவாதி, மணலு கெட்டுப்போச்சு. மீனு செத்துரும். எடுத்துட்டு வெறுங் கண்ணாடியா விட்றலாம்."

"எடுத்தீங்கன்னா நான் மறுபடி அந்தச் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவேன்" என்றாள். கோபமே இல்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

அவளை மறுபடி அந்தச் சுவருக்கு அனுப்ப அவனால் முடியாது. முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது, அவனுக்கு மட்டும் தெரிந்த காரணம். கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார் வேலை செய்கிறதா என்று ஷிப்ட் தொடங்கும்போது ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அது அவன் வேலை. அன்றைக்குக் கம்பெனி பஸ் லேட். குச்சியைத் தேடாமலே தாளில் டிக் போட்டான். இருபது நிமிஷம் கழித்து அவள் கத்தியது கேட்டது.

தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஏழு அங்குலத்துக்கும் அடியில், கறுத்துப்போன மணலில், கண்ணாடியை ஒட்டி மூன்று சின்ன உருண்டைகள் தெரிந்தன. புழு என்று நினைத்தான். இப்படிப்பட்ட மணலில் புழு இருக்கும், இருக்க வேண்டும் என்றுதான் படித்திருந்தான். உருண்டைகள் மெல்ல அழுந்தி வெளிறின. கண்ணாடியில் டக் டக் என்று தட்டின.

புழுவுக்கு நகம் இருக்காது.

கங்கப்பனுக்குப் போன் போட்டான். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"அண்ணா, உங்க தொட்டியில மணலு எத்தன அங்குலம் போட்டிருந்தீங்க?"

தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்த மெஷினை அணைத்துவிட்டு அவர் பேசினார்.

"நான் மணலே போடலப்பா. வெறும் கண்ணாடிதான் வெச்சிருந்தேன்."

"அப்ப எனக்குக் குடுத்தது?"

"அது தானா வந்துச்சு. ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் கொறை இருந்தா அதுகிட்ட விடாதீங்க." அவர் அழ ஆரம்பித்தார். "எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியுது."

"நல்லதுதானேண்ணா. ஏன் அழுவுறீங்க?"

போன் அணைந்துவிட்டது.

குளியலறையில் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வெளியே வருவதற்குள் முடித்துவிட வேண்டும். என்ன ஆனாலும் சரி, அவளைப் பிறகு தேற்றிக்கொள்ளலாம். மோட்டாரை அணைத்தான். கொப்பளிப்பு நின்றது. குழாயின் ஒரு முனையை வாளியில் விட்டு, மறுமுனையை மணலில் செருகி உறிஞ்சினான். கறுப்புத் தண்ணீர் ஒரு மடக்கு வந்தது. நின்றுவிட்டது. அடைப்பு. அடைப்பை எடுக்க வலது கையை மணலுக்குள் விட்டான்.

மணிக்கட்டு புதைந்தது. முழங்கை வரை புதைந்தது. ஏழு அங்குலம்தானே. கண்ணாடி தட்டுப்படவில்லை.

ஏதோ அவன் கையைப் பிடித்தது.

மூன்று விரல்கள். கட்டை விரல் இல்லை. சுண்டு விரல் இல்லை. ஆள்காட்டி விரலில் தகடு பிடித்துக் காய்த்த காய்ப்பு. எத்தனை வருஷம் பிடித்துத் தூங்கிய கை.

இழுத்தான். விடவில்லை. இறுகியது.

"சுவாதி." தண்ணீருக்கு வெகு அருகில் வாயை வைத்துக்கொண்டு சொன்னான். "நான்தான். அன்னைக்கு நான் குச்சி வுட்டுப் பாக்கல. பாக்காமயே டிக் போட்டேன்."

பிடி தளர்ந்தது.

கை சுளுவாக மேலே வந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. சொட்டச் சொட்ட நீல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கட்டை விரல். சுண்டு விரல். நடுவில் வழவழப்பான தோல்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் திறந்தது. ஈரத் தலையை இரண்டு கையாலும் துவட்டிக்கொண்டே சுவாதி வந்தாள். வலது கையில் ஐந்து விரல். நடு மூன்றும் தடிமனாக, கறுப்பாக இருந்தன. மேலே ரோமம். நகக்கண்ணில் கம்பெனி ஆயில் அழுக்கு.

சிவராஜ் தன் ஆள்காட்டி விரலை மடக்க நினைத்தான்.

அவள் கையில் அது மடங்கியது.

"தெரியுங்க" என்றாள். "அன்னைக்கே தெரியும்."

கிட்டே வந்து, அந்தக் கையை அவன் கன்னத்தில் ஆதரவாக வைத்தாள். அவன் விரல் நுனியில் அவனுடைய தாடியே குத்தியது.