படிக்கட்டுக் கரண்ட்

மத்தியானம் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதும் முதலில் மாறியது சத்தம்தான். கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த காற்று மெத்தை மோட்டார் இதுவரை பூனை தூங்குவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது தகர டப்பாவில் அடைபட்ட வண்டாக உறுமியது. மேலே ஃபேனும் அதே சுருதியில் முனகியது. ஜன்னல் சாத்திய அறையில் மழை ஈரத்தின் வாடை, மருந்து வாடை, இரண்டுக்கும் அடியில் வார்னிஷ் தீய்கிற வாடை. லாரி ஓட்டி ஓய்ந்த கிழவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த புது இன்வெர்ட்டர் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

மனைவிக்கு வாதத்தில் இடப்பக்கம் விழுந்து பல வருஷம். அசையாமல் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். அந்த மெத்தையின் குறுக்குக் குழல்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஊதி வற்றி, அவள் பாரத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய புண் இப்போதுதான் மூடியிருந்தது. மோட்டார் செத்தால் அவளைப் புரட்டிப் போட அவர் ஒருத்தர்தான். அவர் தோளோ எப்போதோ தேய்ந்துபோனது.

மாப்பிள்ளைக்கு போன் போட்டார்.

“மாப்ள, நீங்க வாங்கிட்டு வந்த பெட்டி மெத்தையக் கொல்லுது.”

“சத்தம் வருதா மாமா? அது அப்படித்தான். வீட்டுக் கரண்ட் அலை மாதிரி ஏறி இறங்கும். இது படிக்கட்டு மாதிரி வரும். அதான் விலை கம்மி.”

“மெத்தைக்கு ஆகுமா ஆகாதா? அதச் சொல்லுங்க.”

“மோட்டாருன்னா கொஞ்சம் சூடாகும். ஆனா ஓடும் மாமா.”

“உங்கம்மாவ இதுல படுக்க வெச்சு ஓட்டிப் பாத்தீங்களா?”

மாப்பிள்ளை சிரித்தான். “மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிப் பாருங்க மாமா.”

ஃபேனை அணைத்தார். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார். டிவி, விளக்கு, ஒன்று விடவில்லை. அறைக்கும் கூடத்துக்கும் நடந்தே மூச்சு வாங்கியது. உறுமல் மட்டும் குறையவில்லை. மற்றதெல்லாம் அடங்கியதில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

“என்னங்க,” என்றாள் மனைவி. “யாரோ ஏறி வர்றாங்க.”

“எங்க?”

“கால்மாட்டுலேர்ந்து. எனக்கு அடியில.”

“காத்துடி. பேசாம கிட.”

“காத்துக்கு முழங்கால் இருக்குமா?”

குனிந்து பார்த்தார். குழல்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஊதவில்லை. பாதத்தடியில் ஒன்று புடைத்தது. நின்றது. வற்றியது. பிறகு அதற்கு மேலே இருந்தது புடைத்தது. அப்புறம் அடுத்தது.

பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. மெத்தை முழுக்கச் சரிந்து, அவள் முதுகு பலகையில் தட்டியது. அவள் முனகினாள். போச்சு, புண் திறந்திருக்கும். நாசமாய்ப் போகிறவன், விலை கம்மியாம்.

கால்மாட்டில் மறுபடி புடைத்தது.

பிளக் அவர் கையில் இருந்தது.

மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயை உருவினார். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது, வெகுநாள் திறக்காத வாயின் நாற்றத்தோடு. கட்டைவிரலால் அதன் வாயை அடைத்தார். குழாய் விரலைச் சப்பியது.

கணுக்கால். முழங்கால். இடுப்பு.

அவளைத் தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். குழாயைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் அவள் முதுகுக்கடியில் நுழைத்தார். அங்கே இருந்தது, அவர் கைக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது.

தோள் கைவிட்டது. தூக்க முடியவில்லை.

“இந்தா, என்னப் பாரு,” என்றார். “ஏய். என்னப் பாரு.”

தலையணை மெல்ல உயர்ந்தது. அவள் முகம் அவரைப் பார்க்க நிமிர்ந்தது. தலையணை தாழ்ந்தது. முகம் தாழவில்லை.

எல்லா பிளக்கும் பிடுங்கிய அறையில் உறுமல் மறுபடி ஆரம்பித்தது. அவள் தொண்டையில்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. பல வருஷமாக ஒரு விரல்கூட அசையாத கை. ஏறியது. நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறியது. நின்றது. ஒவ்வொரு படியாக, அவர் முகத்தை நோக்கி.