கன்றைத் தொடாத வேட்டை

மேற்கே மறையும் கதிரவனின் கடைசிச் சிவப்பும், கிழக்கே எழுந்த மதியின் முதல் வெண்மையும் ஒரே நேரத்தில் விழுந்ததால், குமிழியாற்றின் வெள்ளம் அன்று மாலை பாதி குருதியாகவும் பாதி பாலாகவும் ஓடுவது போலத் தோன்றியது. கரையோரத்து நாணற் பூக்கள் காற்றில் தலை சாய்த்து நின்றன. ஆற்றுக்கு மேலே, கருங்குன்றின் உச்சியில், காரிமலைக் கோட்டையின் கொத்தளங்களில் தீப்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்டுக் கொண்டிருந்தன.

அன்பு வாசகர்களே, அந்த எழிலை ரசிக்கும் மனநிலையில் அன்று காரிமலையில் ஒருவரும் இல்லை. அதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோட்டையின் மேற்குப் புறத்தில் மதில் கிடையாது. அங்கே செங்குத்தான பாறைச் சரிவு மட்டுமே உண்டு. அதைக் காத்து வந்தவை அரசர் மலையரையரின் வேட்டை நாய்கள். கிழக்கே ஒரு கணவாய் இருந்தது. அதைக் காத்து வந்தவர்கள் அங்கே மாடு மேய்த்த ஆயர்கள். ஒருபுறம் நாய்களும் மறுபுறம் ஆயர்களும் இருந்தவரையில், அக்கரையிலிருந்த ஆரைக்கோட்டை மன்னன் எத்தனை படை திரட்டினாலும் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அந்த நிம்மதிக்குக் கேடு வந்தது கடந்த மழைக்காலத்தின் முடிவில். பன்றி வேட்டைக்குப் போன நாய்கள் தடத்தைத் தவறவிட்டு ஆயர்களின் மந்தையில் புகுந்து, இளங்கன்றுகளைக் கடித்துக் குதறிவிட்டன. முன்னால் ஓடிப் பாய்ந்தது 'சூறை' என்னும் கரிய ஆண் நாய். மறுநாளே ஆயர் தலைவி காயாம்பூ அரசவைக்கு வந்து, "நாய்களைக் கொல்லுங்க. இல்லேன்னா மாட்ட ஓட்டிக்கிட்டு நாங்க வேற நாட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டாள்.

நாய்களைக் கொன்றால் மேற்குச் சரிவு திறந்துவிடும். ஆயர்கள் போனால் கணவாய் திறந்துவிடும். அப்போது அரசரின் ஒரே மகள் பைந்தொடி எழுந்தாள். அந்த நாய்களின் குலத்தை வளர்த்தவள் மறைந்த அரசியாகிய அவளுடைய தாய். "தை நிறைமதி மறுநாள் வரை அவகாசம் தாருங்கள். அன்று இந்த நாய்களைக் கயிறில்லாமல் உங்கள் மந்தையின் நடுவே நடத்திக் காட்டுகிறேன். ஒரு கன்றை ஒரு நாய் தீண்டினாலும் அனைத்தும் அம்புக்கு இரையாகட்டும்" என்றாள். காயாம்பூ ஒப்புக்கொண்டாள்.

நாய்களைப் பழக்க வந்தவன் எயினன் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஓர் இளைஞன். தென்காட்டு வேட்டுவன் என்றான். இப்போது, தை நிறைமதி மாலையில், ஆற்றங்கரை ஆட்டுப்பட்டியின் அருகே நீண்ட கயிற்றில் சூறையைப் பிடித்தபடி அவன் நின்றான். பக்கத்திலேயே இளவரசியும் நின்றாள்.

பட்டிக்குள் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளியது. சூறையின் காதுகள் முன்னால் சாய்ந்தன. உடனே எயினன், "சூறை!" என்று மெல்ல அழைத்தான். நாய் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது. அவன் இடுப்புப் பையிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"ஒவ்வொரு முறையும் பாய்வதற்கு முன்பே அழைத்துவிடுகிறாயே, எப்படி?" என்று கேட்டாள் பைந்தொடி.

"ஓட ஆரம்பிச்சிட்டா அதுக்குக் காது கேக்காதுங்க நாச்சியார். ஓடலாமான்னு மனசுக்குள்ள நெனைக்கும் பாருங்க, அப்பவே கூப்பிடணும். கடிச்சப்புறம் அடிக்கிறதுல பிரயோசனம் இல்லீங்க. எதுக்கு அடிக்கிறாங்கன்னே அதுக்குத் தெரியாது."

முதலில் மந்தையைத் தொலைவிலிருந்து காட்டி, பிறகு நாளுக்கு நாள் நெருங்கி வந்து, குட்டி ஈன்ற முரட்டு வெள்ளாட்டிடம் சூறையை ஒருமுறை முட்டு வாங்கவும் விட்டு, அவன் பட்ட பாட்டையெல்லாம் அவள் கூடவே இருந்து பார்த்திருந்தாள். நாய்களைப் பார்க்க வந்தவள் எப்போது அவனைப் பார்க்க வரத் தொடங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அவள் நிம்மதியாக உறங்கவில்லை. ஓர் அரசகுமாரி ஒரு வேட்டுவனை நினைத்து என்ன செய்ய முடியும்?

"நாளை தவறினால் முதல் அம்பு சூறைக்குத்தான். எய்யப் போகிறவர் என் தந்தை" என்றாள் பைந்தொடி.

எயினனின் பார்வை அக்கரைக் காட்டுக்கு மேலே மெல்லிதாக எழுந்த புகையில் நிலைத்திருந்தது.

"ஏன் பேசாமல் இருக்கிறாய்? உனக்கும் அச்சமா?"

"அச்சந்தாங்க" என்றான் அவன். "நாளைக்கு என்ன நடந்தாலும் நாச்சியார் என்னை வெறுக்கக் கூடாது."

அவன் கலக்கத்தை நாய்களின் மேலுள்ள பாசம் என்று அவள் எண்ணிக்கொண்டாள். பேதைப் பெண்! அது வேறு கலக்கம் என்பதை அவள் எப்படி அறிவாள்?

மறுநாள் காலை, ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆயர்களின் மந்தை பரந்து நின்றது. ஆயர்கள் கோல்களை ஊன்றியபடி வரிசை கட்டியிருந்தார்கள். பால் கறக்கும் நேரம் கடந்தும் எந்தப் பெண்ணும் கலத்தைத் தொடவில்லை. வெண்புரவியின் மீது அரசர் மலையரையர் நாணேற்றிய வில்லுடன் அமர்ந்திருந்தார். பைந்தொடி ஒவ்வொரு நாயின் கழுத்திலிருந்தும் கயிற்றை அவிழ்த்தாள். கடைசியாகச் சூறையின் கயிற்றை அவிழ்க்கும்போது அவள் விரல்கள் முடிச்சில் சிக்கிக்கொண்டன.

எயினன் முன்னே நடந்தான். நாய்கள் அவனைச் சூழ்ந்து நடந்தன. பசுக்கள் தலை தாழ்த்திச் சீறின. ஒரு காளை மண்ணைக் கிளறியது. நாய்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மந்தையின் நடுப்பகுதியைக் கடந்துவிட்டன. அரசரின் தோள்கள் சற்றே தளர்ந்தன.

அப்போது ஈரக் கரையில் நின்ற ஒரு செவலைக் கன்று கால் வழுக்கி விழுந்தது. எழுந்து, மிரண்டு, "அம்மா" என்று அலறியபடி ஓடத் தொடங்கியது.

சூறை அசையாமல் நின்றது. அதன் காதுகள் முன்னால் சாய்ந்தன.

அந்த ஒரு கணம், வாசகர்களே, எயினன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் எதற்காக இந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டானோ அது தானாகவே நிறைவேறிவிடும். கையை உயர்த்த வேண்டாம், வாளை உருவ வேண்டாம், சும்மா நின்றால் போதும். அவன் சும்மாதான் நின்றான். சூறை பாய்ந்தது. அவிழ்த்த கயிறுகளைப் பற்றிய கைகளை மார்பில் அழுத்திக்கொண்டு பைந்தொடி கண்களை மூடுவதை அவன் கண்டான்.

"சூறை!" என்று கத்தினான்.

காலம் கடந்துவிட்டது. நாய் திரும்பவில்லை. அரசர் வில்லை வளைத்தார்.

"அரசே! வில்லைத் தாழ்த்துங்கள்! அம்பு பறந்தால் எஞ்சிய நாய்களும் பாய்ந்துவிடும். இக்கணமே தாழ்த்துங்கள்!"

புல்வெளியெங்கும் முழங்கியது அந்தக் குரல். மலையரையர் தம்மை அறியாமலே வில்லைத் தாழ்த்தினார். எயினன் கன்றைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. எதிர்ப்புறமாகத் திரும்பி ஓடியபடி மீண்டும் ஒருமுறை, மெல்ல, தினமும் அழைப்பதுபோல "சூறை" என்று அழைத்தான். கன்றின் விலாவை மூச்சுக் காற்றுத் தொடும் தூரத்தில் இருந்த நாய் தடுமாறியது, வட்டமடித்தது, நாக்கைத் தொங்கவிட்டபடி அவனிடம் ஓடிவந்தது.

காயாம்பூ கன்றைப் பிடித்து, முகம் முதல் வால் வரை தடவிப் பார்த்தாள். "ஒரு கீறல்கூட இல்ல" என்றாள். பிறகு அரசரைப் பார்த்து, "கணவாய்க்குத் திரும்புறோம் சாமி" என்றாள்.

ஆயர்களின் ஆரவாரம் எழுந்தது. பைந்தொடி கண்ணீரோடு ஓடி வந்து நாய்களை மீண்டும் கயிற்றில் பிணைத்தாள். அரசர் மட்டும் சிரிக்கவில்லை. புரவியிலிருந்து இறங்கி எயினனின் எதிரே வந்து நின்றார்.

"வேட்டுவர்கள் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். ஒருவரும் எனக்குக் கட்டளையிட்டதில்லை. நீர் கட்டளையிட்டீர், நானும் கீழ்ப்படிந்தேன். பிறப்பிலேயே ஆணையிட்டுப் பழகிய குரல் அது. யார் நீர்?"

ஆரவாரம் அடங்கியது. எயினன் இளவரசியைப் பார்த்தான்.

"ஆரைக்கோட்டை மன்னரின் மகன் விடங்கன் நான். இன்று ஒரு கன்று சாக வேண்டும், அதனால் உங்கள் நாய்கள் மாள வேண்டும் என்பதற்காக அனுப்பப்பட்டேன். அக்காட்டில் எழும் புகை என் தந்தையின் பாசறைப் புகை. மேற்குச் சரிவு திறந்துவிட்டது என்ற செய்திக்காக அவர் காத்திருக்கிறார்."

பைந்தொடியின் முகம் வெளிறியது. "அப்படியானால் இத்தனை நாளும்..." என்றவள் நாய்களின் கயிறுகளை இறுகப் பற்றினாள்.

"உங்கள் நம்பிக்கையைப் பெறவே நாய்களைப் பழக்கத் தொடங்கினேன், இளவரசி. பிறகு என்னால் அவற்றைத் தவறாகப் பழக்க முடியவில்லை. இன்று வாய்மூடி நிற்கவும் முடியவில்லை."

"ஒற்றனுக்கு இந்நாட்டில் என்ன தண்டனை என்பதை அறிவீரா?" என்றார் அரசர்.

"அறிவேன். ஆனால் என் தலை இங்கே விழுந்தால், பழிவாங்க என் தந்தை இன்றே ஆற்றைக் கடப்பார். நான் உயிரோடு போனால் தடுத்துப் பார்ப்பேன்."

"பிடியுங்கள் இவனை!"

வீரர்கள் பாய்வதற்குள் விடங்கன் மந்தைக்குள் புகுந்துவிட்டான். மிரண்ட மாடுகள் வீரர்களுக்குக் குறுக்கே அலைமோதின. மேலாடையைக் கரையில் உதறிவிட்டு அவன் ஆற்றில் குதித்தான்.

"பைந்தொடி! நாய்களை அவிழ்த்து விடு!"

அவள் கயிறுகளை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். "முடியாது, தந்தையே. ஓடுகிறவனைத் துரத்த இன்று ஏவினால், நாளை ஓடுகிற கன்றையும் துரத்தும்."

"காரணம் அதுதானா?"

பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "பாதிக் காரணம் அது" என்றாள்.

ஆற்றின் நடுவே ஒரு தலை மேலெழுந்து மறைந்தது. அம்புகள் நீரில் விழுந்தன. மலையரையர் மகளின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் சினத்தைவிடத் துயரமே மிகுந்திருந்தது. "மறுபாதிக்காக ஒரு நாட்டையே பணயம் வைத்துவிட்டாய், மகளே. நாளை அவன் படையோடு திரும்பி வந்தால்?"

பைந்தொடி ஆற்றுநீரைக் கையில் அள்ளினாள். "என் தாயின் மீது ஆணை. ஆரைக்கோட்டைப் படை இந்த ஆற்றில் கால் வைத்தால், மேற்குச் சரிவின் உச்சியில் நானே நிற்பேன். சரிவில் ஏறி வருகிறவன் எவனாயினும் பகைவனே. அவரே முன்னணியில் வந்தாலும், சூறையை என் கையாலேயே அவர்மீது ஏவுவேன்." நீரைத் தரையில் வார்த்தாள்.

"அந்த நாய் அவன் கையால் உண்டது. அவன்மீது பாயுமா?"

அக்கரையில் விடங்கன் நீர் சொட்டச் சொட்டக் கரையேறி, ஒருமுறை நின்று, காட்டுக்குள் மறைந்தான். பைந்தொடி அவன் உதறிப்போட்ட மேலாடையைக் குனிந்து எடுத்தாள். அதில் அவன் வியர்வை மணம் இன்னும் மாறவில்லை.

"இப்போது பாயாது" என்றாள். "இன்று மாலையே பழக்கத் தொடங்குகிறேன்."